மாமியார் மறைந்த மாலை

அந்தக் கடற்கரை ஊரில் உயரமான மனிதர்கள் மொட்டை மாடியில் குனிந்துதான் நடப்பார்கள். சட்டத்தில் அப்படி எழுதவில்லை, பழக்கம் அப்படி. ஒரு தென்னைமரம் மூன்றாம் மாடியைத் தாண்டியதற்காக நகராட்சி அதற்கு நோட்டீஸ் கொடுத்ததாகவும், அன்றிலிருந்து அது பக்கவாட்டில் வளரத் தொடங்கியதாகவும் சொல்வார்கள். மரம் இன்னும் இருக்கிறது. வளைந்துதான் இருக்கிறது.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இரண்டு விளக்குகள். ஒன்று கடற்கரைக் கம்பத்தில். மற்றது ஊருக்குப் பின்னால், குன்றின் மேல். படகுக்காரர்கள் குன்று விளக்குக்கு மாமியார் என்றும், கரை விளக்குக்கு மருமகள் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். மருமகளின் தலைக்கு நேர் மேலே மாமியார் நின்றால் படகு சரியான வழியில் வருகிறது. கொஞ்சம் விலகினாலும் பாறை. வீட்டில் நடக்காத ஒற்றுமை கடலிலாவது நடந்தாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இரண்டுக்கும் நடுவில் ஊர் இருந்ததால், மாமியாரின் முகத்தை மறைக்கும்படி யாரும் கட்டக் கூடாது.

அந்த மாமியார்தான் ஒரு மாலை காணாமல் போனார்.

அதைப் பற்றிப் பேச வந்தவர் பெரிய டீச்சர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. உயரக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவி. பக்கத்து வீட்டுக்காரர் புறாக்கூட்டை அரையடி உயர்த்திக் கட்டியதைக் கண்டுபிடித்து இறக்க வைத்தவர். அவர் வந்தது தலையாட்டியின் வீட்டுக்கு.

தலையாட்டி முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் பார்க்கும் வேலையில் இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். உண்மைக்கும் ஆட்டுவார், பொய்க்கும் ஆட்டுவார். ஆடுகிற தலையைப் பார்த்தால் பேசுகிறவருக்கு நிறுத்த மனம் வராது. அவருடைய துப்பறியும் திறமை முழுவதும் அந்தக் கழுத்தில்தான் இருந்தது. முன்னறையில் அவருடைய மனைவியின் தம்பி, டெய்லர், தையல் மெஷின் போட்டிருந்தார். சந்தேகம் வந்தால் கழுத்திலிருக்கும் டேப்பை எடுத்து எதையாவது அளப்பது டெய்லரின் வழக்கம்.

"உட்காருங்க டீச்சர்" என்றார் தலையாட்டி.

"உட்கார வரலை. என் தம்பி ஒரு வாரமா வீட்டை விட்டு வெளியே வரலை. தெருநாய்கூடத் தன்னைப் பார்த்துச் சிரிக்குதுங்கறான்."

டீச்சரின் தம்பியை ஊரில் சுக்கான் என்றுதான் கூப்பிடுவார்கள். படகைத் திருப்ப அவருக்கு நிகர் அவர்தான். போன வாரம், பொழுது சாய்ந்து விளக்குகள் ஏற்றிய நேரத்தில், அன்றைக்குக் கடைசியாகத் திரும்பிய அவருடைய படகு பாறையில் ஏறிவிட்டது. எல்லாரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். படகுச் சமையல்காரருக்கு மட்டும் கால் முறிந்தது.

"மாமியாரைக் காணோம்னு சொல்லிக்கிட்டே கரை ஏறினானாம். ஊரே சிரிக்குது. குடிச்சிருந்தான்னு பேசறாங்க. சோடா குடிச்சாலே தலை சுத்தற பையன் அவன்!"

"பையன்" ஐம்பதைத் தாண்டியவர். தலையாட்டி தலையை ஆட்டினார்.

"விசாரணையில என்ன சொன்னாரு?"

டீச்சரின் குரல் இறங்கியது. "அதுதான் எனக்குத் தலை நிமிர முடியாமப் பண்ணிடுச்சு. 'குடிச்சிருந்தேன்னே வச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டான். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. அங்கேயும் இதையே சொன்னான்னா, இனி ஆயுசுக்கும் அவனைப் படகு ஓட்ட விடமாட்டாங்க. கடல்ல போகலைன்னா அவன் செத்துப் போவான் சார்."

"நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?"

"வேற யாரை? ஏழுமாடியைத்தான்!"

ஏழுமாடி ஒரு ஓட்டல் முதலாளி. ஓட்டலுக்கு மூன்று மாடிதான். மிச்சம் நான்கும் அவர் வாயில் இருந்தன. உயர வரம்பைத் தளர்த்தச் சொல்லி வருஷக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விபத்துக்கு மறுநாள்தான் அதைப் பத்தி முடிவெடுக்க அதிகாரிங்க வர்றதா இருந்தது. ஊர்வலம், போர்டு, எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தோம். விபத்தைக் கேட்டு அவங்க வரலை. அத்தனையும் வீண். அந்த ஆள் ராவோடு ராவா மேல எதையோ கட்டி மறைச்சிருக்கான். நீங்க கண்டுபிடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எல்லார் முன்னாடியும்!"

தலை ஆடியது. டெய்லர் ஏற்கெனவே டேப்போடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

*

முதலில் படகைப் பார்த்தார்கள். கரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மழைக்கு மறைப்பாக அதன்மேல் புதுத் தகரங்களைக் கவிழ்த்துக் கயிறு போட்டிருந்தார்கள். டெய்லர் தகரத்துக்கு அடியில் தலையை விட்டவர் அலறிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமா! உள்ளே ரத்தம்!"

தலையாட்டி குனிந்து பார்த்துத் தகரத்தை விரலால் தேய்த்தார். "பெயிண்ட், மாப்பிள்ளை."

கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமையல்காரர் சிரித்தார். "டீச்சரம்மா குடுத்த தகரம் சார். படகு நனையக் கூடாதுன்னு மறுநாள் விடிஞ்சதுமே அனுப்பிட்டாங்க. தங்கமான மனசு."

சுக்கான் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, அதை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கியிருந்தார்.

"தூரத்துல வரும்போது மாமியார் தெரிஞ்சாங்களா?" என்று தலையாட்டி கேட்டார்.

"தெரிஞ்சாங்க. மருமக தலைக்கு மேல ஜம்முன்னு நின்னாங்க. துறைமுக வாய்க்குக் கிட்ட வந்தேன். கதவைச் சாத்தின மாதிரி போயிட்டாங்க."

"மங்கிப் போகலையா? ஆடலையா?"

"இல்லை சார். சாத்தினது சாத்தினதுதான். மருமக மட்டும் தனியா நின்னா. மேல தேடினேன். ஓட்டல் மாடியில வெள்ளையா ஒரு விளக்கு. அதுதான் மாமியாராக்கும்னு திருப்பிட்டேன்..." திடீரென்று நிறுத்தினார். அதிகம் பேசிவிட்டோம் என்பது முகத்தில் தெரிந்தது. "நான் குடிச்சிருந்தேன் சார்."

"என்ன குடிச்சீங்க?"

சுக்கான் யோசித்தார். "பாட்டில்ல இருந்துச்சு."

"என்ன கலர்?"

"இருட்டா இருந்துச்சு சார்."

டெய்லருக்குச் சிரிப்பு வந்தது. தலையாட்டி சிரிக்கவில்லை.

"இதை விட்டுடச் சொல்லி அக்காகிட்ட சொல்லுங்க" என்றார் சுக்கான், சுவரிடம். "அம்மா போனப்புறம் என்னை இடுப்புல வச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போனவ. இனிமே அவளை அலைய விடாதீங்க."

*

குன்றின் மேல் விளக்கைப் பார்த்துக்கொள்ளும் விளக்கு அண்ணன், இவர்களைக் கண்டதும் கண்ணீர் விட ஆரம்பித்தார். இவர்கள் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"என் போர்வைதான் சார்! கம்பியில காயப் போட்டிருந்தேன். அன்னைக்குக் காத்து. அது பறந்து விளக்கு மேல விழுந்திருக்கும். நான் கீழே டீக் குடிச்சிட்டு இருந்தேன். ஒரு வாரமா நெஞ்சு அடைக்குது. சாப்பாடே இறங்கலை."

"போர்வை கடைசியில எங்க கிடைச்சுது?"

"கம்பியிலயேதான் இருந்துச்சு. ஆனா போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாம் இல்லையா?"

தலையாட்டி தலையை ஆட்டினார். டெய்லர் போர்வையை அளந்தார்.

ஏழுமாடி இவர்களைத் தேடி அவரே வந்துவிட்டார். வழியில் மறித்து, காரிலிருந்து இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்குத் தெரியும், என்னைத்தான் தேடறீங்க. ஒரு கல்யாணப் பார்ட்டிக்காக மாடியில பெரிய விளக்குப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் வழி மாறிட்டாராம். அன்னையிலிருந்து ஓட்டல்ல ஒரு விளக்கும் போடறதில்லை. தங்க வந்தவங்க மெழுகுவர்த்தியோட பாத்ரூம் போறாங்க."

"கட்டடத்தை உயர்த்தினீங்களா?"

"செங்கல் ஒண்ணுகூட வைக்கலை. ஆசை இருக்கு, இல்லைன்னு சொல்லலை. டீச்சர் விடுவாங்களா?"

திரும்பி நடக்கும்போது டெய்லருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப என்ன மாமா, ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக் குடுத்துடறதா?"

"போர்வைன்னா விளக்கு மங்கியிருக்கும், துணி ஆடியிருக்கும். கதவு சாத்தின மாதிரி இருக்காது. ஓட்டல் இருக்கிறது பாறைப் பக்கம். மாமியாருக்கும் துறைமுக வாய்க்கும் நடுவுல அது வரவே வராது. அந்த விளக்கு வழியைக் கெடுத்தது. ஆனா மாமியாரை மறைச்சது அது இல்லை."

"அப்போ யாருதான்?"

"இந்த ஊர்ல எல்லாரும் தன்னாலதான் ஆச்சுன்னு கூனிக் குறுகிக்கிட்டு இருக்காங்க, மாப்பிள்ளை. குறுகாதவங்க யாருன்னு பார்க்கணும்."

*

பெரிய டீச்சரின் வீடு இரண்டு விளக்குகளுக்கும் நேர் நடுவில் நின்றது. அந்த வரிசையில் இருப்பதாலேயே வரம்பின் காவலாக அவர் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், டெய்லரை அளக்கச் சொன்னார். டெய்லர் டேப்பைக் கீழே தொங்கவிட்டு, போதாமல் கயிறும் சேர்த்து அளந்தார்.

"வரம்புக்கு இம்மிகூட அதிகமில்லை டீச்சர்."

"இருக்காது. நானே மீறினா ஊர்ல யாரு மதிப்பாங்க?"

பக்கத்து மாடியிலிருந்து புறாக்காரர் எட்டிப் பார்த்தார். "என் புறாக்கள் இப்போ தவழ்ந்துதான் வீட்டுக்குள்ள போகுது டீச்சர்."

"சட்டம்னா புறாவுக்கும் ஒண்ணுதான்."

தலையாட்டி கடற்பக்கக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். சுவர் நெடுகக் கயிறு உரசி, சுண்ணாம்பு புதிதாகப் பெயர்ந்திருந்தது. சுவரோரம் வட்டவட்டமாகக் கறைகள், பூந்தொட்டிகள் வெகுகாலம் இருந்த தடம். தொட்டிகளோ ஒரு மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"தொட்டிங்க ஏன் அங்க போச்சு?"

"ஊர்வலத்துக்கு முன்னால ஆளுங்க வேலை செஞ்சாங்க இல்லையா, அப்போ நகர்த்தினது. திருப்பி வைக்க யாரும் வரலை."

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. அது நின்றதை டெய்லர் தன் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தார்.

"டீச்சர்" என்றார் தலையாட்டி. ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "இன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் ஒரு படகுல போகலாம். துறைமுக அதிகாரியும் வரட்டும். மாடிச் சாவியை மட்டும் மாப்பிள்ளைகிட்ட குடுத்துட்டு வாங்க" என்றார்.

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. ஏழுமாடியைப் பிடிக்கப் போடும் வலை என்று நினைத்து மகிழ்ச்சியாகச் சாவியைக் கொடுத்தார்.

*

படகில் சுக்கானே சுக்கானைப் பிடித்தார். அதிகாரி பக்கத்திலேயே இருக்கும்போது பிடிக்கலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. வர மாட்டேன் என்று அடம்பிடித்தவரை டீச்சர்தான் இழுத்து வந்தார். விளக்கு அண்ணன், தன் இடத்தில் வேறு ஆளை வைத்துவிட்டு வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழுமாடி தன் ஓட்டல் இருக்கும் திசையைப் பார்க்கவே இல்லை. டீச்சர் மட்டும் நிமிர்ந்து, படகின் நடுவில் நின்றுகொண்டு வந்தார்.

பொழுது சாய்ந்தது. வெளியே போய்த் திரும்பினார்கள். கரையில் மருமகள் ஏற்றப்பட்டாள். குன்றில் மாமியாரும் கண் திறந்தார். இருவரும் ஒருவர் மேல் ஒருவராக, சண்டையில்லாமல் நின்றார்கள்.

"நல்லாத் தெரியுதே" என்றார் அதிகாரி.

"கிட்ட போகட்டும்" என்றார் தலையாட்டி.

படகு துறைமுக வாயை நெருங்கியது. நெருங்க நெருங்க மாமியார் ஊர்க்கூரைகளை நோக்கி இறங்குவதுபோல் இருந்தது. பிறகு, கதவைச் சாத்தியது போல, இல்லாமல் போனார்.

யாரோ மூச்சை இழுத்தார்கள். சாம்பல் வானத்தில் ஒரு வீட்டு மாடியின் மேல் கறுப்பாக, கோடு போட்டதுபோல் நேராக, ஒரு விளிம்பு தெரிந்தது.

"ஏமாத்துக்காரன்!" டீச்சர் கையை நீட்டினார், குரல் உயர்ந்தது. "பாருங்க அதிகாரி சார்! எவ்வளவு உயரம்! எந்த வீடு அது? எவன் வீடு?"

டீச்சர் கண்ணைச் சுருக்கினார். பக்கத்து மாடியில், இறக்கிக் கட்டிய புறாக்கூடு தெரிந்தது.

கை அப்படியே நீட்டியபடி நின்றது.

"கிட்ட வந்தா மறையுது, தூரத்துல தெரியுது" என்றார் தலையாட்டி அதிகாரியிடம், தாழ்ந்த குரலில். "அப்படின்னா வரம்புக்கு மேல ஏதோ கொஞ்சம்தான் நிக்குது. விளிம்பு நேரா இருக்கணும், ஆடாததா இருக்கணும். மறுநாள் காலையில இல்லாமப் போற சாமானா இருக்கணும். அது அன்னைக்கு மத்தியானம் ஏத்தின தகர போர்டு. குன்றுப் பக்க ரோட்டுல வர்ற அதிகாரிங்க படிக்கணும்னு அந்தப் பக்கம் பார்த்து எழுதினது. நமக்குத் தெரியறது அதோட முதுகு. அதுக்காகத்தான் தொட்டிங்களை நகர்த்தியிருக்காங்க. கயிறு கட்டின தடமும் சுவர்ல இருக்கு. அதிகாரிங்க வரலைன்னு ராத்திரியே சேதி வந்ததும், விடியக்காலையில இறக்கி, அந்தத் தகரத்தை உடைஞ்ச படகுக்கே மூடக் குடுத்துட்டாங்க. நல்ல மனசோடதான் குடுத்தாங்க. உள்பக்கம் சிவப்புப் பெயிண்ட் அப்படியே இருக்கு."

"ஊரே அதைப் பார்த்திருக்குமே?" என்றார் அதிகாரி.

"படிச்சிருக்கும் சார். எழுத்து இருந்தா அது எவ்வளவு உயரம்னு யாரும் பார்க்கிறதில்லை."

அவர் டார்ச்சை அசைத்தார். படகை மூடியிருந்த அதே தகரத்தைத் தூரத்து மாடியில் மறுபடி ஏற்றி வைத்திருந்த டெய்லர் கயிற்றை அவிழ்த்தார். கறுப்பு விளிம்பு சரிந்தது. மாமியார் திரும்பி வந்தார். அந்த வெளிச்சத்தில் சுக்கானைத் தவிரப் படகிலிருந்த எல்லாரும் தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"தம்பி" என்றார் டீச்சர். "உனக்குத் தெரியுமா?"

சுக்கான் விளக்குகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமாடா?"

"திருப்பின அப்புறம்தான், பாறையில மோதறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சுது. நம்ம வீட்டு மாடின்னு." படகை நேராக்கினார். "அக்கா, உட்காரு. படகு ஆடுது."

படகு ஆடவில்லை. டீச்சர் உட்கார்ந்தார்.

கரையில் எல்லாரும் இறங்கிப் போன பிறகு, சுக்கான் தலையாட்டியின் அருகில் வந்தார். கோபமாகப் பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை.

"அவகிட்ட மட்டும் தனியாச் சொல்லியிருக்கலாமே சார். மாடியிலயே."

எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னது டீச்சர்தான். அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டியதும் உண்மைதான். ஆனால் மாடியில், தொட்டிகளுக்கு நடுவில், ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருக்க நேரம் இருந்தது. படகில் கதவு சாத்துவதைக் காட்டும் ஆசையில் அந்த வார்த்தையை விழுங்கியிருந்தார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் தலையாட்டி. தலையை ஆட்ட முயன்றார். வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் டீச்சருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். "உட்கார்ந்தே சொல்லலாம்மா" என்றார் அதிகாரி. தப்புச் செய்த பிள்ளைகளைக் காலமெல்லாம் எழுந்து நிற்கச் சொன்னவர், கடைசிவரை நின்றுகொண்டே சொன்னார்.

"என் தம்பி குடிக்கலை. மறைச்சது நான். அவனைச் சும்மா விட்டுடுங்க."

"போர்டுல என்ன எழுதியிருந்தீங்க?"

டீச்சர் வகுப்பில் வாசிப்பது போல, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னார்.

"எங்கள் வெளிச்சத்தை மறைக்காதே."

ஏழுமாடி சிரித்திருக்கலாம். அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் அவர் கைக்குட்டையை எடுத்துச் சுத்தமான கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்கு அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டீச்சரால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

சுக்கானுக்கு ஒரு தடையும் இல்லை என்று முடிவாயிற்று. உயர வரம்பில் இனி போர்டும் சேரும் என்றும் முடிவாயிற்று. அன்று சாயங்காலமே டீச்சர் புறாக்காரர் வீட்டுக்குப் போய், கூட்டை உயர்த்திக்கொள்ளச் சொன்னார். வரம்புக்குள் அதற்கு இடம் இருந்தது. அது அவருக்கு முன்பே தெரியும்.

"வேண்டாம் டீச்சர்" என்றார் புறாக்காரர், மரியாதையாக. "அதுங்களுக்குக் குனிஞ்சு பழகிடுச்சு."

பூந்தொட்டிகள் பழைய வட்டங்களுக்குத் திரும்பின. டீச்சர்தான் ஒவ்வொன்றாக நகர்த்தினார், யாரையும் கூப்பிடவில்லை. தினமும் மாலையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்கு வருகிறார். குன்றில் விளக்கு ஏறியதும், ஊற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு, தொட்டிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் ஒன்றும் உயரமானவரில்லை. எழுந்து நின்றாலும் அவர் தலை மாமியாரை மறைக்காது என்று டெய்லர் டேப் வைத்து அளந்தே சொல்லிவிட்டார். அவர் கேட்பதாக இல்லை. தம்பியின் படகு கரையைத் தொடும் சத்தம் கேட்கும்வரை அப்படியே இருக்கிறார்.

படகிலிருந்து சுக்கான் நிமிர்ந்து பார்க்கிறார். மருமகள் தெரிகிறாள். அவள் தலைக்கு மேல் மாமியார் தெரிகிறார். நடுவில், அந்த மாடியில், யாரும் தெரிவதில்லை.